சின்ன மோர்

குஞ்சம்மா, வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடைய செத்தவீட்டுக்கு நான் போட்டுக்கொண்டு வந்த அந்த வெள்ளை ரீசேட்டை இன்னும் எறியவில்லை. எறியாதது மட்டுமில்லை, படுக்கும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு படுக்கிறேன். என்ன செய்ய, மெத்தென்று இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற மிசினிலிருந்து அதை எடுத்து உதறினேன். எதிர்வீட்டு டெனிஷ் மனுசி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒரு குருவி பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. குருவிக்கு ஏது பல் என்று அந்த விமானக் கம்பனியிடம்தான் கேட்கவேண்டும். அதற்குக் கீழே, பயணம் என்றாலே சந்தோஷம் என்று இங்கிலிஷில் கொட்டை எழுத்து. "நல்ல விடுமுறையோ?" என்று கேட்டார். "ஓம், நல்லாய் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்லுவது?

எத்தனை தரம் தோய்த்தாலும் அந்தத் துணியிலிருந்து விமானத்து மணம் போகவில்லை. சூடான பிளாஸ்டிக்கும் ஆறிப்போன கோப்பியும் கலந்த ஒரு நாற்றம். மூக்குக்குள் போனதும் எனக்கு ஓங்காளித்துக்கொண்டு வந்தது. ஓங்காளம் வந்தால் உள்ளே கிடப்பதை வெளியே விட்டுவிட வேண்டும் என்று சொல்லுவீர்கள். அதுதான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரியுங்கள்.

உங்களை அம்மாவின் தங்கை என்று சொன்னால் எனக்கே யாரோ பிறத்தியாளைச் சொல்லுவதுபோல இருக்கிறது. அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது இளமை, எனக்குப் பதினாறு வயது மூப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கோள் மூட்டுவதுதான் உங்கள் தொழில். அம்மாவிடம் என்னைப் பற்றி, என்னிடம் அம்மாவைப் பற்றி. பிறகு நாங்கள் சண்டை பிடிக்கும்போது பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டு பார்த்திருப்பீர்கள்.

நான் டென்மார்க்குக்கு வந்த புதிதில் உங்களுக்குப் போன் எடுத்து, இங்கே அம்மாவுக்கு மோர் என்று பெயர் என்று சொன்னேன்.

"மோரோ?"

"ஓம் குஞ்சம்மா. மோர்."

"அப்ப தேப்பனுக்குப் பேர் தயிரோ?"

அன்றைக்குப் போன் காட் முடியும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். வேறு ஒரு கதையும் கதைக்கவில்லை. அந்த மோர்தான் பிறகு எங்களுக்கு இப்படித் திரைந்துபோகும் என்று யார் கண்டது?

அந்தப் புதன்கிழமை காலை, நான் துப்புரவு வேலை செய்கிற பள்ளிக்கூடத்தின் நீளமான விறாந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் சிவா போன் எடுத்தான்.

"அக்கா, அம்மா போயிட்டா. விடிய ஐஞ்சு மணிக்கு."

தண்ணீர் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு எடுக்கிறம். ஐயர் நேரம் வைச்சிட்டார். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?"

அவன் கேட்ட பெரியம்மா என்னுடைய அம்மா. எண்பத்து மூன்று வயது. உங்களை அவர் நேரில் பார்த்துப் பதினொரு வருடம். ஒரு வருடம் முழங்கால், அடுத்த வருடம் கொரோனா, அதற்குப் பிறகு எனக்கு லீவு இல்லை. "வாற வருசம் போவம் அம்மா" என்று வருடாவருடம் சொன்ன வாய் என்னுடையது. அதை நினைத்தால் கண்ணாடி பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

வேலையிடத்தில் எனக்கு மேலாளாக இருக்கிறவள் பிர்கிட். நல்ல மனுசி. ஆர் செத்தது என்று கேட்டாள். அம்மாவின் தங்கை என்றேன். "ஓ, மொஸ்டர்" என்றாள். டெனிஷ்காரர் இந்த விஷயத்தில் எங்களைப் போலத்தான். தாயின் சகோதரிக்கு ஒரு பேர், தகப்பனின் சகோதரிக்கு வேறு பேர். நான் சந்தோஷப்படுவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. தாய், தகப்பன், புருஷன், பிள்ளை என்றால் லீவு உண்டு, மொஸ்டருக்கு இல்லையாம். "பூ அனுப்பலாமே" என்றாள். பூவாம்! பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பொறுப்பில் போகச் சொன்னாள். ஆனால் அந்த மொஸ்டர் என்ற சொல் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது. பேர் இருக்கிறது, பெறுமதி இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. எழும்பிப் போய்த் தன்னுடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"முகத்தைப் பார்க்கவேணும் பிள்ளை. மூடமுதல் ஒருக்கால் பார்த்தால் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

பிரெடெரிசியாவில் டிக்கெட் போடுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அரை மணித்தியாலத்தில் போட்டுத் தந்தார். அன்று பின்னேரம் பில்லுண்டிலிருந்து ஒரு விமானம், இடையில் ஒன்று மாறினால் வியாழன் பின்னேரம் கொழும்பு. வெள்ளி விடியும்போது உங்கள் வாசலில் நிற்கலாம். அவசரம் என்றால் முதலில் செருப்பைப் போடு என்று சொல்லுவீர்களே, அதை நினைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டேன். அம்மாவுக்குச் செருப்பு, சப்பாத்து, இரண்டு கம்பளிக் காலுறை எல்லாம் போட்டுவிட்டேன்.

பில்லுண்டில் போய் நின்றால், அறிவித்தல் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே சிவப்பு எழுத்து. விமானத்தில் ஏதோ பழுதாம், பறக்காதாம். சனம் முழுவதும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்தது. நான் டிக்கெட் அண்ணைக்கு எடுத்தேன். "இனி நீங்கள் கம்பனியோடதான் கதைக்கவேணும் தங்கச்சி, என்ரை கை கட்டுப்பட்டுப்போச்சு" என்று அவர் ஒதுங்கிவிட்டார்.

கம்பனிக்கு எடுத்தால் முதலில் பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இடைக்கிடை ஒரு குரல். பிறகு ஒரு மிசின் கேட்டது: விடுமுறைக்கா, வேலைக்கா, வேறு காரணத்துக்கா? மூன்றை அமத்தினேன். திரும்பவும் பாட்டு, அதுவும் கலியாணவீட்டுப் பாட்டுமாதிரித் துள்ளல் பாட்டு. எனக்கு வந்த கோபத்தில் போனைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

கடைசியில் ஒரு பொம்பிளை வந்தாள். சீனிப்பாணிபோல இனிக்கிற குரல். மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மன்னிப்பைக் கறிக்குள்ள போடேலுமே என்று நீங்கள் கேட்பது என் காதில் கேட்டது. செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். ஆர் இறந்தது என்று கேட்டாள். நெருங்கிய உறவு என்றால் முதல் விமானத்தில் இடம் தருவார்களாம்.

குஞ்சம்மா, அந்த நேரத்தில் பிர்கிட்டின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மொஸ்டர் என்று சொன்னால் இவளும் பூ அனுப்பச் சொல்லுவாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் உங்களைச் சொல்லுக்குச் சொல் டெனிஷில் சொன்னேன். குஞ்சு என்றால் சின்ன. அம்மா என்றால் மோர். "மின் லில்லே மோர்" என்றேன். என்னுடைய சின்ன மோர் செத்துவிட்டா.

அவள் இன்னொரு மன்னிப்புக் கேட்டாள். பிறகு மெல்லமாக, "உங்கள் அம்மாவின் பெயர்?" என்று கேட்டாள்.

என்னோடு வருகிற அம்மாவுக்கு டிக்கெட் மாற்றத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கடவுச்சீட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அம்மாவின் பெயர் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பொறுமையாகத் தட்டினாள். பிறந்த திகதியையும் கேட்டாள், கொடுத்தேன். "எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன், நாளைக் காலை ஒன்பது மணிக்கு விமானம்" என்று சொல்லி அனுதாபமும் தெரிவித்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்ற நினைப்போடு போனை வைத்தேன். இந்த விமானத்தில் போனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துசேர்ந்திருப்போம்.

வியாழன் காலை. கவுண்டரில் நின்ற மனுசன் என்னுடைய கடவுச்சீட்டைப் பார்த்தான், சரி என்றான். அம்மாவுடையதைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் தான் படித்த டெனிஷ் சொல் மூன்றில் ஒன்றை எடுத்து, "கோடே" என்று அவனுக்கு வணக்கம் சொன்னார். அவன் வெளிறிப்போனான்.

"என்னவாம் பிள்ளை?"

"நீங்கள் செத்திட்டியளாம் அம்மா."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

அம்மா வாழைப்பழத்தை ஒரு கடி கடித்து மென்று முடித்தார்.

"அப்ப என்ரை சீற்றில ஆர் போகினம்?"

அதை அவனிடமே கேட்டேன். டிக்கெட்டை இல்லாமல் செய்தாகிவிட்டது, இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இறந்தவர் என்று எழுதியதை அவனால் அழிக்க முடியாதாம், தலைமையகத்தில்தான் அழிக்கவேண்டுமாம். மனுசி முன்னால் நிற்கிறா, பழம் தின்னுறா, உனக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று கத்தினேன். மன்னிக்கவேண்டும் என்றான். நான் தனியாகப் போகலாம் என்றான். அம்மாவை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் வந்து உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும்தான்.

தலைமையகம் அம்மாவை உயிர்ப்பித்து முடிக்க ஒன்பது மணி விமானம் போய்விட்டது. அடுத்தது பின்னேரம் மூன்று மணிக்கு. அந்த ஆறு மணித்தியாலமும் அந்தக் கம்பனியின் விளம்பரத்துக்கு நேர் எதிரேதான் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. அதிலே ஒரு குடும்பம் கடற்கரையில் துள்ளுகிறது. அந்தப் பல்லுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பல்லென்றாலே வெறுத்துப்போனது. போனைத் திறந்தால், சொந்தக்காரர் எல்லாரும் அழுகிற பொம்மையும் ரோசாப்பூவும் போட்டிருக்கினம். கனடாவிலிருந்து ஒரு மச்சாள், "ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை?" என்று கேட்டு எழுதியிருந்தாள். எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல் என்மேல்தான். மொஸ்டர் என்று நேராகச் சொல்லியிருந்தால் என்ன? உங்களைப் பெரிய இடத்தில் ஏற்றுகிறேன் என்று அம்மாவைக் கொன்றுபோட்டேன்.

சிவா எடுத்தான். பிந்தும் என்று சொன்னேன்.

"நாலு மணிமட்டும் வைச்சிருப்பன் அக்கா. அதுக்குமேல ஏலாது. நாளைக்கு விட்டால் சனி. சனிப் பிணம் தனிப் போகாது எண்டு இஞ்ச சனம் இப்பவே கத்துது."

அம்மா போனை என்னிடமிருந்து பறித்தார்.

"துணை தேடினால் நான் வாறன் எண்டு சொல்லடா. இஞ்ச என்னை எழுதியும் போட்டாங்கள்."

பகிடிபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் முகத்தைக் குனித்துக்கொண்டு எதையோ தேடினார். கனநேரம் தேடினார். அதற்குள் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொழும்பில் இறங்கினோம். பெட்டி வரவில்லை. அதற்கும் ஒரு மன்னிப்பு, அதோடு ஒரு சின்னப் பை. பைக்குள் ஒரு பல்லுத்தூரிகை, ஒரு சீப்பு, குருவி சிரிக்கிற ரீசேட். அதை, வாடகைக்குப் பிடித்த வானுக்குள் எறிந்துவிட்டு யாழ்ப்பாணம் நோக்கி வெளிக்கிட்டோம். புத்தளம் தாண்டியதும் அம்மா சத்தி எடுத்தார், என்மேல், கழுத்திலிருந்து மடிவரைக்கும். வழியில் நிறுத்திப் புது உடுப்பு வாங்கினால் அரை மணித்தியாலம் போய்விடும். றைவர் தம்பியிடம் முன்னுக்குப் பார்த்து ஓடு என்று சொல்லிவிட்டு, பின் சீற்றில் குனிந்திருந்து அந்த ரீசேட்டை மாட்டினேன். ஒரு பொல்லாத நினைப்பும் அப்போது வந்தது. எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கட்டும், இன்னும் நேரம் பிடிக்கட்டும், அங்கே ஐயருக்கு வயிற்றுக்குள் ஏதாவது வரட்டும் என்று வேண்டினேன். செத்தவீட்டுக்குப் போகிறவள் வேண்டுகிற வேண்டுதலா அது?

எங்கள் ஊர்ச் சந்திக்கு வந்தபோது நாலே முக்கால். முதலில் பறை கேட்டது. பிறகு வெள்ளைச் சேலை விரித்தபடி நாலு பேர். அதற்குப் பின்னால் நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள், பூப் போட்ட வண்டியில்.

நான் வானிலிருந்து குதித்து றோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். இரண்டு கையையும் விரித்தேன். பறை நின்றது.

ஒரு பெரியவர் முன்னுக்கு வந்தார். "பிள்ளை, வெளிக்கிட்ட பிரேதத்தை நடுவழியில நிப்பாட்டக்கூடாது. விலகு."

"நிப்பாட்டினது நான் இல்லை அண்ணை, விமானக் கொம்பனி. ஐஞ்சு நிமிசம் தாங்கோ."

"பொம்பிளையள் சுடலைப் பக்கம் வாறதில்லை, தெரியாதோ?"

"இது சுடலை இல்லை. சந்தி. இதில பொம்பிளையள் மீன் வாங்குறவை."

சிவா கொள்ளிச்சட்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். என்னைப் பார்த்தான். நெஞ்சிலிருந்த குருவியைப் பார்த்தான். அழுது வீங்கிய முகத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா கண்டிருக்கவேணும் அக்கா" என்றான். ஒருவரையும் கேட்காமல் வண்டியில் ஏறிப் பெட்டியின் மூடியைத் தூக்கினான்.

அம்மாவை நானும் றைவர் தம்பியுமாகத் தூக்கி ஏற்றினோம். வாய்க்கரிசிக்கு அரிசி இல்லை, எல்லாம் வீட்டிலேயே போட்டு முடிந்திருந்தது. அம்மா வெறுங்கையால் உங்களுடைய வாயைத் தொட்டார். பிறகு நெற்றி, பிறகு காது. தோடு கழற்றிய காது. நீங்கள் இளைத்துப்போயிருந்தீர்கள், ஆனால் மேலுதட்டில் அந்தக் கோள்மூட்டுகிற வளைவு அப்படியே இருந்தது.

"வந்திட்டனடி" என்றார் அம்மா. "கொஞ்சம் பிந்திப்போச்சு. இவள் என்னைச் சாக்கொண்டுபோட்டாள், அதாலதான்."

உங்களிடமே என்னைப் பற்றிக் கோள் சொன்னார், குஞ்சம்மா. அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அம்மாவிடமிருந்து நான் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் வீடியோக்காரன் முன்னுக்கு வந்தான். "அம்மா, இன்னொருக்கால் குனியுங்கோ. இந்தப் பக்கமாய். கனடாவுக்கு லைவ் போகுது." பில்லுண்டிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த அருவருப்பு முழுவதும் அவனைக் கண்டதும் பொங்கியது. கமராவை என் கையால் பொத்தினேன். ஐந்து நிமிடம் கனடா முழுவதும் என்னுடைய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சாள் பிறகு சிவாவின் போனுக்கு எடுத்து என்னோடு சண்டை பிடித்தாள். நான் பிந்தியதற்கு இல்லை, படம் தெரியாமல் போனதற்கு.

திரும்பி வேலைக்குப் போனபோது பிர்கிட் ஒரு தாள் நீட்டினாள். லீவுக்குக் காரணம் எழுதவேண்டுமாம், இறந்தவர் என்ன உறவு என்று. மோர் என்று எழுதினேன்.

அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "உன்னுடைய அம்மாவை நேற்றுக் கடையில் கண்டேனே, லீக்ஸ் வாங்கிக்கொண்டு நின்றா."

"அது மற்ற மோர்" என்றேன்.

பிர்கிட் கண்ணாடியைத் திரும்பவும் மேலே ஏற்றினாள். பிறகு தாளை மடித்து வைத்தாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு மோர் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தச் சொல்லால் இவ்வளவு அலைக்கழிந்தும் அதை நான் மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. ஆர் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நம்பாதவர்கள் போய்த் தலைமையகத்தில் கேட்கட்டும்.

அம்மாவும் நானும் இப்போது சண்டை பிடிப்பது குறைவு. மூட்டிவிட ஆள் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தியில் அம்மாவை வண்டியிலிருந்து இறக்குவதற்கு எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன. அதனால் கையிலிருந்த போனை உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவை இறக்கினேன். சிவா மூடியை மூடினான். பறை தொடங்கியது, நீங்கள் போனீர்கள். அடுத்த நாள் மத்தியானம் எங்களுடைய பெட்டியைக் கொண்டுவந்து ஒருவர் வாசலில் இறக்கினார். "நேற்று ஐஞ்சரைக்கே உங்களுக்குப் போன் எடுத்தனாங்கள் அக்கா, நல்லாய் அடிச்சுது, ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றார். உள்ளே நின்ற சிவா, ஓம் அடித்தது, சுடலையில் பெட்டிக்குள்ளிருந்து, எல்லாருக்கும் கேட்டது என்றான். நான் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை எடுத்தேன்.